செண்பகம் நடைப்பிணமாக வருகிறாள்

இரண்டு மணிக்குள் சொல்ல வேண்டும். இப்போது ஒன்று ஐந்து. என் கதையில் செண்பகத்தை எங்கே கடித்தது, எது கடித்தது, அவ்வளவுதான் கேட்கிறார்கள். அரைப் பக்கம் போதும், அண்ணாச்சி நினைச்சா அஞ்சு நிமிஷ வேலை என்று டைரக்டர் ஜெபசிங் என் தோளில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான், அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். "உங்களுக்கு வேணாம்னா வேணாம் அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்தியானமே திரும்ப எடுத்துருவோம். யோசிச்சுச் சொல்லுங்க." அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூடிப்போன பொறியியல் கல்லூரி, மூன்று வருடமாக மாணவர்கள் இல்லை, படப்பிடிப்புக்கு மட்டும் கதவைத் திறக்கிறார்கள், எங்களுக்கு இன்று ஆறு மணிவரை. கரும்பலகையில் யாரோ பாதி போட்டுவிட்டுப் போன கணக்கு, சமன் குறிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதை அழிக்கக் கூடாது என்று ஆர்ட் டைரக்டர் சொல்லிவிட்டார், உலகம் திடீரென்று நின்றுபோன மாதிரி இருக்கிறதாம். உலகம் எங்கே நின்றது, சேர்க்கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நாற்பது பிணங்கள் தட்டோடு வரிசையில் நிற்கின்றன. உதட்டைச் சுற்றி ரப்பர் தோல் ஒட்டியிருக்கிறார்கள், வாயைப் பெரிதாகத் திறக்க முடியாது, தயிர்சாதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி உள்ளே தள்ளுகிறார்கள், மோருக்கு ஸ்ட்ரா. "யோவ், கன்னத்துல இடிக்காதய்யா, பிஞ்சிடுச்சுன்னா அந்த மேக்கப் குபேரன் என்னைய உண்மையாவே கொன்னுடுவான்" என்று ஒரு பிணம் சொல்ல, "செத்தவனுக்கு என்னடா கோவம், ஊறுகா குடு" என்று இன்னொன்று கையை நீட்டுகிறது. சிரிப்பு வருகிறது, பாதியில் நிற்கிறது. நாற்பத்தொன்றாவது ஆளாக அந்த வரிசையில் செண்பகம் நிற்கிறாள் இப்போது. நான்தான் நிறுத்தினேன். காட்சி எண்ணும் நாற்பத்தொன்றுதான், இதில் ஒரு பொருளும் இல்லை, ஆனால் மனம் இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு அதையே சுற்றுகிறது.

அந்த வரியை நூறு தடவை படித்தாகிவிட்டது. காட்சி 41. முகாம் வாசல். பகல். குழந்தை இறந்து பிறந்த ஐந்தாம் நாள். கைகள் உடம்பில் படாமல் சற்றே அகற்றி வைத்திருக்க, ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருக்க, செண்பகம் நடைப்பிணமாக வருகிறாள். வசனம் இல்லை. இதை எழுதியபோது திருப்தியாக இருந்தது, அதிகம் சொல்லவில்லை என்ற திருப்தி. இன்று காலை ஜெபசிங் பின்பக்கக் கட்டடத்தில் சண்டைக்காட்சியில் மாட்டிக்கொண்டான், வசனம் இல்லாத சின்ன சீன்தானே என்று இணை இயக்குநர் இரண்டாவது கேமராவை வைத்து இதை எடுத்துவிட்டான். மேக்கப் குபேரன் பேப்பரைப் பார்த்தான். நடைப்பிணம் என்று இருந்தது, நடைப்பிணம் செய்தான். கண்ணுக்கு வெள்ளை வில்லை, கன்னத்தில் அழுகல், நனைந்த ரவிக்கையில் சிவப்பு. யாரைக் குற்றம் சொல்வது. ஐந்து மாதத்துக்கு முன் முதல் டிஸ்கஷனில் எல்லோரும் ஜோம்பி ஜோம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தொடரைத் தயாரிக்கிற நிறுவனத்தின் சார்பில் கதையைப் பார்த்துக்கொள்ளும் வந்தனா, "நம்ம ஊர் வார்த்தை ஒண்ணு வேணும் சார், கேட்டதும் வயித்தைப் புரட்டணும்" என்றாள். பேய் இல்லை, பிசாசு இல்லை, சவம் என்றால் அசையாது. நடைப்பிணம் என்று நான் சொன்னேன். கைதட்டினார்கள். பனியனில்கூட அச்சடித்துவிட்டார்கள். எல்லாத் துறைக்கும் ஒரே பொருளில் போய்ச் சேர வேண்டும் என்று ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் விளக்கமும் நானே தட்டினேன்: நடைப்பிணம் என்றால் கடிபட்டு இறந்து பதினோரு நிமிடத்தில் எழுந்து நடப்பது, பேச்சு இல்லை, நினைவு இல்லை. அதே கையால் மூன்று மாதம் கழித்து அந்தச் சொல்லைப் பழைய பொருளில் எழுதியிருக்கிறேன், புருஷன் போன பிறகு அவ நடைப்பிணமா திரியறா என்று தெருவில் சாதாரணமாகச் சொல்கிற பொருளில். வீட்டை விற்றுவிட்டு, பழைய ஞாபகத்தில் அதே வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றுகிறவன் மாதிரி. உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். வந்தனா பார்த்தாள், முன்கையை நீட்டிக் காட்டினாள், முடி நின்றிருந்தது. "சார், அஞ்சு மாசமா இதைத்தானே தேடுறோம்" என்றாள். உண்மை, தேடினோம். அவளிடம் ஒரு தாள் இருக்கிறது, ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பட்டை, பயம் வருகிற இடம் சிவப்பு, மனுஷர்கள் பேசிக்கொள்கிற இடம் நீலம். நீலம் எட்டு நிமிடத்தைத் தாண்டினால் ஆள் எழுந்து போய்விடுகிறான், அவளிடம் அதற்குக் கணக்கு இருக்கிறது. "எமோஷன் வேணாம்னு நான் சொல்லவே இல்ல சார். உங்க எமோஷன் உக்காந்துக்கிட்டிருக்கு. அது எழுந்து நடக்கணும்." நான் எவ்வளவு பேசியிருக்கிறேன் இதற்கு எதிராக. நாற்பது பிணம் சேர்ந்து கதவைத் தட்டினால் அது சத்தம், பயம் இல்லை. உள்ளே ஒருத்தி நேற்று செத்த மகளின் டிபன் பாக்ஸைக் கழுவ மனசில்லாமல் வைத்திருக்கிறாள், அவள் எழுந்து கதவைத் திறந்துவிடுவாளோ என்பதுதான் பயம். போகக் கூடாது என்று நாம் நினைக்கிற ஆள் இல்லையென்றால் பிணம் எதைத் தின்னும், அட்டைப் பொம்மையைத்தான் தின்னும். இப்படியெல்லாம் பேசினேன், அவளும் தலையாட்டி எழுதிக்கொண்டாள், மூன்றாம் எபிசோடில் டிபன் பாக்ஸை இரண்டரை நிமிடத்திலிருந்து நாற்பது விநாடியாகக் குறைத்தாள். ரெண்டும் மாறி மாறி வரணும் அண்ணாச்சி, ஒரு வாய் இட்லி ஒரு வாய் சட்னி என்று ஜெபசிங் சமாதானம் சொன்னான். இன்று மாறி மாறி வர வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. சிவப்பும் நீலமும் ஒரே உடம்பில் நடந்து வந்துவிட்டன. முகாம் வாசலில் கதாநாயகன் காவல் நிற்கிறான், வருவது நடைப்பிணம், அது அவன் மனைவி. எட்டாவது எபிசோடில் அவன் அவளைச் சுட வேண்டும். தலையில்தான் சுட வேண்டும், அதுவும் முதல் பக்கத்து விளக்கத்தில் நான் போட்ட விதிதான். இதில் விழுங்க முடியாதது என்னவென்றால் இது நன்றாக இருக்கிறது. நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். செண்பகமாக நடிக்கிற குணவதியின் முகத்தைச் சுத்தம் செய்ய நாற்பது நிமிடம், மூன்று மணிக்கு எடுத்துவிடலாம், வெளிச்சம் இருக்கும். எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதான். போன் அடித்தது, என் மனைவி வசுமதி. அவளுக்கும் இது சாப்பாட்டு நேரம், அம்பத்தூரில் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள், ஸ்டாஃப் ரூமிலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு ஒரு போன், தினமும் ஒரே கேலி. "என்ன, இன்னைக்கு எத்தனை பேர் காலி?" நேற்று ஆறு என்றேன், அதற்கு முந்தாநாள் பஸ்ஸோடு முப்பது. இன்று யாரும் இல்லை என்றேன். "அட, பொழப்பு கெட்டுப்போச்சா? இங்க சயின்ஸ் மிஸ்ஸுங்க எல்லாம் எப்ப வருது எப்ப வருதுன்னு பிடுங்கறாங்க. எல்லாரும் சேந்து நம்ம வீட்லதான் பாக்கப் போறாங்களாம், முறுக்கு சுத்தித் தரேன்னு சொல்லியிருக்கேன்." சரி என்றேன். "சாப்டீங்களா?" இனிமேல்தான் என்றேன். "தயிர்சாதம்னா சாப்பிடாதீங்க, சளி இருக்கு" என்று வைத்துவிட்டாள். முறுக்கு. எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு டீச்சர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள், வசுமதி நடுவில் உட்கார்ந்திருப்பாள், செண்பகம் வருவாள். முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். முகம் எப்படி இருந்தாலும் தன் நடை ஒருத்திக்குத் தெரியாதா. அது என் நடை என்று அவள் சொல்ல மாட்டாள். எழுந்து உள்ளே போய் அடுப்பில் எதையாவது வைப்பாள். எழுதியது எழுதியபடியே எடுத்திருந்தாலும் அவள் எழுந்து போயிருப்பாள்தானே, அப்போது மட்டும் என்ன சொல்லியிருப்பேன், உன் துக்கத்தை மரியாதையாகக் காட்டியிருக்கிறேன் பார் என்றா. அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. தயாராகவே வைத்திருந்திருக்கிறேன், எழுதுகிறபோதே.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதாம் மாதம், அசைவு தெரியவில்லை என்றாள், போனோம், முழு மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். வராந்தாவில் நான் மட்டும் நின்றேன். நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள், சின்ன வயசு நர்ஸ், செருப்பின் வார் ஒன்று அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. பாக்கறீங்களா சார் என்றாள். அந்த ஊக்கைப் பார்த்துக்கொண்டே வேண்டாம் என்றேன், அவங்களுக்கும் காட்ட வேண்டாம், கொண்டு போயிடுங்க என்றேன். நல்லதற்காகச் சொன்னேன். பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், நல்லதற்காக. மயக்கம் தெளிந்து அவள் கேட்ட ஒரே கேள்வி, "யார் மாதிரி இருந்துச்சு?" உன்னை மாதிரி என்றேன். "மூக்கு?" மூக்கும் என்றேன். அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஊசி ஏற்றியிருந்த கையால். அந்த வார்த்தை அவளிடம் இன்னும் இருக்கிறது, எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாள், சில நாள் கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பாள், அப்போது நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆட்டோ நின்ற இடத்திலிருந்து வாசல்வரை பதினைந்தடி இருக்கும். தையல் ஒரு பக்கம், அதற்குமேல் பால் கட்டிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, குழந்தை இல்லையென்றால் பாலும் வராது என்றுதான் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் நினைப்பு. கையை உடம்பில் வைக்க முடியாமல் இரண்டு பக்கமும் அகற்றிக்கொண்டு, புடவை முன்னால் நனைய, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்க அவள் நடந்து வந்தாள். "இப்படி வச்சுக்கிட்டா வலி கொஞ்சம் கம்மியா இருக்குங்க" என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்றது. நான் போய் வாங்கினேன், பத்து முழம். இவ்வளவு பூவா, வீட்ல என்ன விசேஷம் சார் என்றாள் பூக்காரி. விசேஷம்தான் என்று சொல்லி வாங்கி வந்தேன். மூன்று நாள் அந்த அறை கல்யாண அறை மாதிரி மணத்தது. அதற்கப்புறம் வசுமதி மல்லிகை வைத்துக்கொண்டதில்லை, கனகாம்பரம்தான். நான்காம் நாள் படுத்தபடியே சொன்னாள், "நீங்க எழுதுவீங்க, எனக்குத் தெரியும். எதை வேணா எழுதுங்க. இதை மட்டும் எழுதிடாதீங்க." அப்போது இருநூறு பேர் படிக்கிற பத்திரிகையில் வருடத்துக்கு இரண்டு கதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. இருநூறு பேரிடம் சொல்லாமல் காப்பாற்றியதைத்தான் இப்போது இப்படி. ஆனால் இந்தக் காட்சியில் பூவை எழுதவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டேன். இதைப் பெருமையாக வேறு நினைத்திருக்கிறேன், பூவை எழுதாத நேர்மை.

"உள்ள வரலாமா சார்?" குணவதி. கண்ணில் வெள்ளை வில்லையோடு மோர் டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். இருபது வருடம் நாடகத்தில் நடித்தவள், செண்பகம் அவளுக்கு முதல் பெரிய வேஷம். வில்லையால் எதிரில் இருப்பது சரியாகத் தெரியாது, பெஞ்சைத் தடவி உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு வழியும் தெரியும், செண்பகம் மனுஷியாக இருந்தால் இன்னும் இரண்டு எபிசோடு வசனத்தோடு, பிணமானால் நான்கு எபிசோடு வசனம் இல்லாமல். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "பேப்பரைப் படிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். இது பால் கட்டின நடை. குபேரண்ணன்கிட்ட சொன்னேன், அண்ணே, இது பிணம் இல்லண்ணே, பிள்ளை போன பொம்பளைன்னு. ரைட்டரே எழுதியிருக்காரும்மா, நீ என்ன ரைட்டருக்கு மேலயான்னுட்டார்." ஸ்ட்ராவை உதட்டோரம் பொருத்தி ஒரு வாய் உறிஞ்சினாள். "எனக்கு மூத்தது தங்கல. அதான் தெரிஞ்சுது. நடக்கும்போது நான் அப்படியேதான் நடந்தேன், மேல என்ன பூசினா என்ன." அதனால்தான் வந்தனாவுக்கு முடி நின்றது. குபேரனால் இல்லை, என்னாலும் இல்லை. "ஒண்ணு கேக்கலாமா சார்? அது யாரோட நடை?" ஜன்னலைப் பார்த்தேன். பிணங்கள் தட்டுக் கழுவப் போய்க்கொண்டிருந்தன. கற்பனைதான் என்றேன். அவள் என் பக்கம் அந்த வெள்ளைக் கண்ணைத் திருப்பியபடி கொஞ்ச நேரம் இருந்தாள், என்னைப் பார்க்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆம்பளைங்களுக்கு அந்தக் கை கற்பனையில வராது சார்" என்றாள், கோபமே இல்லாமல். "சரி, எழுதுங்க. எப்படி எழுதினாலும் நடிச்சுடறேன்." டம்ளரை எடுத்துக்கொண்டு பெஞ்சைத் தடவித் தடவி வெளியே போனாள். கதவருகில் அவளை நிறுத்தி என் மனைவியின் நடை அது, முகத்தைக் கழுவிவிட்டு வா, திரும்ப எடுப்போம் என்று சொல்ல மூன்று அடி வைக்கிற நேரம் இருந்தது. எண்ணினேன். மூன்று.

ஒன்று முப்பத்தைந்து. சும்மா தெரிந்துகொள்வதற்கு, ஒருவேளை எழுதுவதாக இருந்தால், எங்கே கடித்திருக்கும். கழுத்து என்று போட முடியாது, எடுத்ததில் கழுத்து சுத்தமாக இருக்கிறது. கை வெறுமையாக இருக்கிறது. கால் தெரியவில்லை, ஆனால் காலில் கடிபட்டவள் அப்படி நடக்க மாட்டாள். சிவப்பு இருப்பது ஒரே இடத்தில், நனைந்திருந்த இடத்தில், காட்சித்தாளில் ரவிக்கை நனைந்திருந்தது என்று இருந்ததால் உடைக்காரர்கள் நனைத்தார்கள், நனைந்திருந்ததால் குபேரன் ரத்தம் கலந்தான். அப்படியானால் காயம் அங்கேதான் இருந்தாக வேண்டும், மார்பில். ஒரு பெண் விலகாமல், கத்தாமல், தானே நெருக்கி அணைத்துக்கொண்டிருக்க, அவளை அந்த இடத்தில் எது கடிக்கும். நான் தேடவில்லை. அது தானாக வந்தது. வந்த உடனே என் முன்கையில் முடி நின்றது, வந்தனாவுக்கு நின்ற மாதிரியே, வரிசையாக. இறந்து பிறந்தது பதினோரு நிமிடம் கழித்து அசைகிறது. கடிபடாதது எழுவது நான் போட்ட விதிக்கும் அந்த ஐந்தாம் நாளுக்கும் பொருந்தாது, யாரும் கேட்கப்போவதில்லை. முகாம் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. அவள் மயக்கம் தெளிகிறாள், பக்கத்தில் பச்சைத் துணி அசைகிறது. செத்துப்போச்சுன்னு சொன்னாங்களே, பொய்தானா என்று சிரித்துக்கொண்டே எடுக்கிறாள். பால் கொடுக்கிறாள். பேனா நிற்கவில்லை, நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். பச்சைத் துணியைக்கூட மாற்றவில்லை, வேறு நிறம் போட்டிருக்கலாம். எழுதும்போது ஒரு கணம், அதற்கு வாய் திறந்தது என்று எழுதிய கணத்தில், சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. இது எழுத்துக்காரனுக்கு நல்ல இடம் கிடைத்தால் வருகிற வழக்கமான சந்தோஷமா வேறெதுவுமா என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தத் துணிக்குள் எதுவும் அசைந்து நான் பார்த்ததில்லை. துணிக்குள்ளேயே பார்த்ததில்லை. அரைப் பக்கம். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை, பதினோரு வருடமாக எழுதி எழுதிப் பார்த்துவைத்த மாதிரி.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார்கள். தாளை நீட்டினேன், வந்தனா படித்தாள், ஜெபசிங் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான், குபேரன் பல்லில் குச்சியோடு வாசலில் சாய்ந்து நின்றான். வந்தனா மூக்கை உறிஞ்சினாள், உண்மையாகவே அழுகிறாள், அவள் தாளில் இதற்கு என்ன நிறம் போடுவாள் என்று நினைத்தேன். "அண்ணாச்சி, இதை இத்தனை நாளா எங்க வச்சிருந்தீங்க?" என்றான் ஜெபசிங், கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு. திரும்ப எடுக்கணுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே விசில் ஊதினார்கள், பிணங்கள் எல்லாம் பொசிஷன் என்று மைக்கில் கத்தினார்கள். குபேரன் குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே வந்து தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். காலையில் நடந்ததற்கு இன்னும் கூச்சம் அவனுக்கு, இந்தத் தடவை தப்பு வந்துவிடக் கூடாது என்று சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக்கொண்டான். "சார், குழந்தையை சிலிக்கான்ல செய்யணும். குளோசப் வரும்ல? சும்மா பொம்மை மூஞ்சி வச்சா சிரிப்பாங்க." பென்சில் முனையை நாக்கில் தொட்டான். "மொகம் யார் மாதிரி இருக்கணும் சார்?" அம்மா மாதிரி என்றேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வெயிலில் கையை அகற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த குணவதியை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மூக்குமா சார்?" என்று கேட்டான்.

"மூக்கும்" என்றேன்.